செப்டிக் தொட்டி: ஏன் காலி செய்ய வேண்டும்? ஏன் உள்ளே இறங்கக் கூடாது?



கழிவறையில் நீரை ஊற்றியதும் கழிவு கண்ணை விட்டு மறைந்துவிடுகிறது. அது எங்கே போகிறது? புதிய தாமான்களில் நிலத்தடிக் குழாய் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. கம்போங் வீடுகளிலும் பழைய தாமான்கள் பலவற்றிலும் அவ்வளவு தூரம் போவதில்லை. வீட்டு வளாகத்திலேயே மண்ணுக்கடியில் புதைந்திருக்கும் செப்டிக் தொட்டியில் தங்கிவிடுகிறது.

இந்தத் தொட்டியைப் பற்றி இன்று இரண்டு கேள்விகளுக்கு விடை காண்போம். முதலாவது: தொட்டிக்குள் உள்ள நுண்ணுயிர்கள் கழிவைச் செரித்துவிடும் என்றால், அதை ஏன் அவ்வப்போது காலி செய்ய வேண்டும்? இரண்டாவது: காலி செய்வதற்கு லோரியும் நீண்ட குழாயும் எதற்கு? ஓர் ஆள் இறங்கி வாளியில் அள்ளினால் ஆகாதா? இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாததால் உயிர்கள் போயிருக்கின்றன. அடர்த்தி, அழுத்தம், மூலக்கூற்று நிறை, சுவாசம் என்று வகுப்பில் தனித்தனியாகப் படித்தவை எல்லாம் இந்த ஒரு தொட்டியில் ஒன்றுகூடுகின்றன.

தொட்டியின் அமைப்பு

செப்டிக் தொட்டி பெரும்பாலும் இரண்டு அறைகளைக் கொண்டது. கழிவு முதல் அறைக்குள் நுழைந்ததும் அதன் வேகம் குறைந்துவிடும். ஓடும் நீர் மண்ணைச் சுமந்து செல்லும். நின்ற நீரில் மண் அடியில் தங்கும். அதே விதிதான் இங்கும். கழிவு அடர்த்தியின்படி மூன்று படலங்களாகப் பிரிகிறது.

அடியில் தங்குவது சேறு. நீரைவிட அடர்த்தி கூடிய திடப்பொருள்கள் இதில் உள்ளன. மேலே மிதப்பது ஆடை. எண்ணெய், கொழுப்பு, சவர்க்கார நுரை போன்ற அடர்த்தி குறைந்தவை இதில் சேர்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஓரளவு தெளிந்த நீர். இந்த நடு நீர் மட்டுமே இரண்டாம் அறைக்குப் போய், அங்கிருந்து வெளியேற வேண்டும். அதனால்தான் வெளியேறும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி வைக்கப்பட்டிருக்கும். மேலே மிதக்கும் ஆடையும் உள்ளே நுழையாது; அடியில் கிடக்கும் சேறும் எட்டாது.

'செப்டிக்' என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'அழுகச் செய்வது' என்று பொருள். 1890களில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் என்ற பொறியாளர் மூடிய தொட்டி ஒன்றைக் கட்டி அதற்கு இப்பெயரை வைத்தார். அவருக்கு முன்பே பிரான்சில் ழான் லூயி மூரா என்பவர் இதே போன்ற தொட்டியை அமைத்திருந்தார்.

உயிர்வளி இல்லாத செரிமானம்

மூடிய தொட்டிக்குள் உயிர்வளி மிகக் குறைவு. அங்கே வாழ்பவை உயிர்வளி இல்லாமல் வாழக்கூடிய நுண்ணுயிர்கள். அவை கழிவை ஒரே அடியில் செரிப்பதில்லை. ஒரு கூட்டம் விட்டுவைப்பதை அடுத்த கூட்டம் எடுத்துக்கொள்கிறது.

முதலில் சில பாக்டீரியாக்கள் நொதிகளைச் சுரந்து மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றின் பெரிய மூலக்கூறுகளைச் சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பமிலம் என்று உடைக்கின்றன. அடுத்த கூட்டம் அவற்றை அசிட்டிக் அமிலம் போன்ற எளிய அமிலங்களாக மாற்றுகிறது. கடைசியாக வருபவை மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள். இவை பாக்டீரியா அல்ல. ஆர்க்கியா என்ற தனிப் பிரிவைச் சேர்ந்தவை. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்த்தால், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு 3 மீத்தேன் மூலக்கூறுகளாகவும் 3 கரிவளி மூலக்கூறுகளாகவும் மாறுகிறது.

கழிவில் கந்தகமும் உண்டு. அதைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் இதனுடையதுதான். இந்த வாயுவின் பெயரை நினைவில் வையுங்கள். பிறகு மீண்டும் வரும்.

உயிர்வளி இல்லாத சுவாசத்தில் கிடைக்கும் ஆற்றல் குறைவு. ஆகவே இந்த நுண்ணுயிர்கள் மெதுவாகவே வளரும், மெதுவாகவே வேலை செய்யும். ஆனால் நம் நாட்டின் வெப்பம் அவற்றுக்குச் சாதகமானது. குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் இந்தச் செரிமானம் வெகுவாகத் தளர்ந்துவிடும்.

சேமிக்கும் தொட்டியும் செரிக்கும் தொட்டியும்

எல்லாக் கழிவுத் தொட்டிகளும் செப்டிக் தொட்டிகள் அல்ல. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பலர் படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள வாகனங்களில் பயணம் செய்கின்றனர். அந்த வாகனத்தின் அடியில் இரண்டு தொட்டிகள் இருக்கும். கழிவறை நீருக்கு ஒன்று. குளியல், சமையலறை நீருக்கு மற்றொன்று. இவை சேமிக்கும் தொட்டிகள். சில நாள்களில் நிரம்பிவிடும் என்பதால் நுண்ணுயிர்கள் செரிப்பதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை. நிரம்பியதும் அதற்கென உள்ள நிலையத்திலோ, வீட்டிலுள்ள கழிவுநீர்க் குழாயின் வாயிலோ குழாய் மாட்டிக் காலி செய்கின்றனர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாற்றத்தை அடக்க, வாகனத் தொட்டியில் சிலர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஊற்றுவார்கள். சில மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். ஆய்வகங்களில் உயிரின மாதிரிகளை அழுகாமல் பாதுகாக்கப் பயன்படும் பொருள் இது. சேமிக்கும் தொட்டியில் நாற்றத்தைத் தடுக்கும் அதே பொருள், வீட்டுச் செப்டிக் தொட்டிக்குள் போனால் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். அழுகாமல் காப்பது அதன் வேலை. அழுகச் செய்வது செப்டிக் தொட்டியின் வேலை. இரண்டும் ஒரே இடத்தில் நடக்க முடியாது.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும். கழிவறையைக் கழுவ அளவாகக் குளோரோக்ஸ் ஊற்றுவதால் கேடில்லை. தொட்டியிலுள்ள நீர் அதை நீர்க்கச் செய்துவிடும். போத்தல் போத்தலாக ஊற்றினால் செரிமானம் படுத்துவிடும்.

அப்படியென்றால் ஏன் நிரம்புகிறது?

நுண்ணுயிர்களால் எல்லாவற்றையும் செரிக்க முடியாது. மணல், முடி, நெகிழி, செரிக்கக் கடினமான நார்ப்பொருள், இறந்த நுண்ணுயிர்களின் உடல்கள் எல்லாம் எஞ்சிச் சேறாகச் சேர்கின்றன. ஈர டிஷ்யூ, சானிட்டரி பேட், குழந்தை டயப்பர் ஆகியவற்றைப் போட்டால் சேறு இன்னும் வேகமாக உயரும்.

சேறு உயர்ந்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலேசியாவில் கழிவுநீர் அமைப்புகளை வடிவமைக்கும்போது ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்று கணக்கிடுகின்றனர். ஐந்து பேர் உள்ள வீட்டில் 1,125 லிட்டர். தொட்டியின் கொள்ளளவு 2,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

தொட்டி புதிதாக இருக்கும்போது: 2,000 ÷ 1,125 = 1.78 நாள். அதாவது, நீர் உள்ளே தங்கும் நேரம் சுமார் 43 மணி.

பாதித் தொட்டியைச் சேறு பிடித்தால்: 1,000 ÷ 1,125 = 0.89 நாள். சுமார் 21 மணி.

முக்கால் தொட்டியைச் சேறு பிடித்தால்: 500 ÷ 1,125 = 0.44 நாள். சுமார் 11 மணி மட்டுமே.

திடப்பொருள் அமைதியாக அடியில் படிய சுமார் ஒரு நாளாவது தேவை. நேரம் குறையக் குறைய, படியாத கழிவு நீரோடு சேர்ந்து வெளியேறிவிடும். தொட்டி பொங்கி வழிய வேண்டிய அவசியமே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் தொட்டி தன் வேலையைச் செய்வதை எப்போதோ நிறுத்தியிருக்கும். "எங்கள் வீட்டுத் தொட்டி 15 ஆண்டுகளாக நிரம்பவே இல்லை" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், கழிவு எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள்.

அது போகும் இடம் சாக்கடை, பிறகு ஆறு. கழிவிலுள்ள கரிமப் பொருளை ஆற்றிலுள்ள பாக்டீரியாக்கள் செரிக்கும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறைந்து மீன்கள் திணறும். கழிவிலுள்ள நைட்ரஜன் அமோனியாவாக மாறும். குடிநீர் நிலையத்தில் சேர்க்கும் குளோரினோடு அமோனியா வினைபுரிவதால் கிருமி நீக்கம் கடினமாகிறது. ஆற்று நீரில் அமோனியா மிகுந்ததால் சிலாங்கூரில் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் தற்காலிகமாக மூடப்பட்டதுண்டு.

கசியும் மலக்குழி கிணற்றுக்கு அருகில் இருந்தால் விளைவு இன்னும் கொடியது. 1854-ஆம் ஆண்டில் லண்டன் பிராட் தெருவில் பரவிய காலராவுக்கு அங்கிருந்த கைப்பம்புக் கிணற்று நீரே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டினார். அக்கிணற்றுக்கு மிக அருகிலேயே ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது பிறகு தெரியவந்தது.

ஆகவே இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது சேற்றை அகற்ற வேண்டும். தீபகற்பத்தின் பெரும் பகுதியில் இண்டா வாட்டர் நிறுவனம் இந்தச் சேவையை வழங்குகிறது. கடைகளில் விற்கும் 'செப்டிக் தூள்' அல்லது யீஸ்ட் போட்டால் காலி செய்யவே தேவையில்லை என்பது தவறான நம்பிக்கை. ஒவ்வொரு முறை கழிவறையைப் பயன்படுத்தும்போதும் கோடிக்கணக்கான குடல் பாக்டீரியாக்கள் இலவசமாகவே தொட்டிக்குள் போகின்றன. மணலையும் நெகிழியையும் எந்தத் தூளும் செரிக்காது.

லோரி எப்படி உறிஞ்சுகிறது?

கழிவு அகற்றும் லோரியின் மேல் ஒரு பெரிய உருளைத் தொட்டி இருக்கும். பம்பு அதனுள் உள்ள காற்றை வெளியேற்றுகிறது. பிறகு குழாயின் அடைப்பானைத் திறந்ததும் சேறு மேலேறுகிறது. லோரி சேற்றை 'இழுக்கிறது' என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையில் இழுப்பது எதுவும் இல்லை. லோரியின் தொட்டிக்குள் அழுத்தம் குறைந்துவிட்டதால், செப்டிக் தொட்டியின் மேலுள்ள வளிமண்டலம் சேற்றைக் குழாய்க்குள் தள்ளுகிறது. உறிஞ்சு குழலில் ஐஸ் மைலோ குடிப்பதும் இப்படித்தான்.

தள்ளுவது வளிமண்டலம் என்பதால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அழுத்தம் = அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × உயரம். வளிமண்டல அழுத்தம் 101,000 பாஸ்கல். நீரின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1,000 கிலோகிராம். ஈர்ப்பு முடுக்கம் 9.81. எனவே,

உயரம் = 101,000 ÷ (1,000 × 9.81) = 10.3 மீட்டர்.

லோரிக்குள் முழு வெற்றிடமே இருந்தாலும் 10.3 மீட்டருக்கு மேல் நீரை உயர்த்த முடியாது. சேறு நீரைவிடக் கெட்டியானது. குழாயில் உராய்வும் உண்டு. முழு வெற்றிடமும் கிடைக்காது. ஆகவே நடைமுறையில் எல்லை இதைவிடக் குறைவு. வீட்டுத் தொட்டியின் ஆழம் இரண்டு மீட்டர் அளவில் இருப்பதால் இது சிக்கலே இல்லை. லோரி சாலையில் நிற்க, நீண்ட குழாயைக் கொல்லை வரை கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். கிடைமட்டத் தூரம் உராய்வைக் கூட்டும், ஆனால் 10.3 மீட்டர் எல்லை செங்குத்து உயரத்துக்கு மட்டுமே.

காலியான தொட்டி மிதக்கும்

இப்போது பல வீடுகளில் கண்ணாடியிழை அல்லது நெகிழித் தொட்டிகள் புதைக்கப்படுகின்றன. அடைமழைக் காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது அப்படிப்பட்ட தொட்டியை முழுதும் காலி செய்தால் என்ன ஆகும்? ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நினைத்துப் பாருங்கள். 2,000 லிட்டர் தொட்டி நிலத்தடி நீரில் முழுதும் மூழ்கியிருந்தால், அது இடம்பெயர்க்கும் நீரின் நிறை சுமார் 2,000 கிலோகிராம். தொட்டியின் நிறை 150 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், மேல்நோக்கிய உந்துவிசை அதன் எடையைப் போல 13 மடங்கு. மேலேயுள்ள மண்ணும் அடித்தளப் பிணைப்பும் தாங்காவிட்டால் தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு மேலெழும், குழாய்கள் உடையும். அதனால் இத்தகைய தொட்டியைக் காலி செய்ததும் மீண்டும் நீர் நிரப்புவார்கள்.

ஏன் இறங்கக் கூடாது?

இப்போது நம் இரண்டாவது கேள்விக்கு வருவோம். காற்றின் சராசரி மூலக்கூற்று நிறை சுமார் 29. மீத்தேன் 16, ஹைட்ரஜன் சல்பைடு 34, கரிவளி 44. மீத்தேன் காற்றைவிட இலேசானது. ஆனால் காற்றில் அதன் பங்கு 5 முதல் 15 விழுக்காடாக இருக்கும்போது ஒரு தீப்பொறி பட்டாலே வெடிக்கும். தொட்டியின் மூடிக்கு அருகே சிகரெட்டும் தீக்குச்சியும் கூடாது என்பதற்கு இதுவே காரணம். ஹைட்ரஜன் சல்பைடும் கரிவளியும் காற்றைவிடக் கனமானவை. மூடியைத் திறந்து வைத்தாலும் அவை தாமாக மேலேறிப் போய்விடும் என்று நம்ப முடியாது.

மூவற்றுள் மிகக் கொடியது ஹைட்ரஜன் சல்பைடு. அது நம் உயிரணுக்களின் இழைமணிகளில், உயிர்வளியைப் பயன்படுத்த உதவும் ஒரு நொதியை முடக்கிவிடுகிறது. இரத்தத்தில் உயிர்வளி இருந்தும் உயிரணுவால் அதைப் பயன்படுத்த முடியாது. சயனைடு செய்யும் வேலையும் இதுதான்.

நாற்றம் எச்சரிக்கும் என்று நினைக்கிறீர்களா? மிகக் குறைந்த அளவில், காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும்போதே, மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கை எட்டியதும் முகரும் நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று ஆள் நினைக்கிறார். உண்மையில் வாயு கூடியிருக்கிறது. 1,000 பங்கு அளவில் ஒரு சில மூச்சிலேயே மயங்கி விழ நேரிடும். ஆயிரம் பங்கு என்பது 0.1 விழுக்காடுதான்.

இன்னொரு மறைவான ஆபத்தும் உண்டு. இந்த வாயு சேற்றில் கரைந்தும் சிக்கியும் இருக்கும். மேலே காற்று ஓரளவு நன்றாக இருந்தாலும், கால் வைத்துச் சேற்றைக் கலக்கியதும் குலுக்கிய சோடா போத்தலைத் திறந்ததுபோல வாயு ஒரேயடியாகப் பொங்கும்.

இத்தகைய விபத்துகளில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இறப்பதும் உண்டு. முதலில் இறங்கியவர் விழுந்ததும், காப்பாற்ற அண்ணனோ தம்பியோ உடன் வேலை செய்பவரோ இறங்குகிறார்; அவரும் விழுகிறார். இந்தியாவில் செப்டிக் தொட்டிகளில் இறங்கித் தொழிலாளர்கள் பலர் இறந்திருக்கின்றனர். தமிழ்நாட்டிலும் இது நடந்திருக்கிறது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதை அங்கே 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மலேசியாவில் இத்தகைய இடத்தை 'அடைபட்ட இடம்' என்று வகைப்படுத்தி, காற்றை அளந்து பார்க்காமல் பணியாளர் நுழையக் கூடாது என்று விதித்துள்ளனர். சாதாரணக் காற்றில் உயிர்வளி சுமார் 21 விழுக்காடு. அது 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்த இடம் பாதுகாப்பற்றது.

எனவே மறக்காதீர்கள்: யாராவது தொட்டிக்குள் விழுந்துவிட்டால், நீங்கள் இறங்கக் கூடாது, மற்றவரையும் இறங்க விடக் கூடாது. விலகி நின்று உடனே 999-ஐ அழையுங்கள். சுவாசக் கருவி அணிந்த தீயணைப்பு வீரர்தாம் இறங்க முடியும். முகக்கவசமும் ஈரத்துணியும் இந்த வாயுவைத் தடுக்காது. உடைந்த மூடியைக் கண்டால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அது பலகை வைத்து ஒப்பேற்றும் வேலை அல்ல.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு தெளிவான போத்தலில் முக்கால் பாகம் நீர் ஊற்றுங்கள். இரண்டு மேசைக்கரண்டி மணல், ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய், ஒரு கிழித்த டிஷ்யூத் தாள் ஆகியவற்றைச் சேர்த்து, மூடிக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். 1 நிமிடம், 10 நிமிடம், 1 மணி நேரம், 1 நாள் கழித்து எந்தப் படலம் எங்கே இருக்கிறது என்று வரைந்து குறியுங்கள். ஒரு நாள் கழித்து எதுவும் இன்னும் படியாமல் மிதக்கிறதா? சோதனை முடிந்ததும் எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் பழைய தாளில் ஒற்றிக் குப்பையில் போடுங்கள். உணவுக் கழிவைப் போத்தலில் அடைத்து வைக்காதீர்கள். வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கலாம்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. எட்டுப் பேர் வாழும் ஒரு வீட்டுத் தொட்டியின் கொள்ளளவு 2,400 லிட்டர். அதில் 600 லிட்டர் சேறு உள்ளது. ஒருவருக்கு 225 லிட்டர் என்றால், நீர் எத்தனை மணி நேரம் தொட்டியில் தங்கும்? இந்த வீட்டார் லோரியை அழைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டதா? காரணம் கூறுக.

2. கேமரன் மலையில் வளிமண்டல அழுத்தம் சுமார் 85,000 பாஸ்கல். அங்கே லோரியால் நீரை உயர்த்தக்கூடிய மிக அதிக உயரம் என்ன?

3. வெளியேறும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே அமைந்திருந்தால் என்ன விளைவு ஏற்படும்?

4. "நாற்றமே இல்லை, இறங்கலாம்" என்று ஒருவர் சொல்கிறார். ஹைட்ரஜன் சல்பைடின் தன்மையைக் கொண்டு அவருக்கு இரண்டு வாக்கியங்களில் பதில் எழுதுக.

5. உங்கள் வீட்டில் கேட்டறிக: உங்கள் வீட்டுக் கழிவு செப்டிக் தொட்டிக்குப் போகிறதா, பொதுக் குழாய்க்குப் போகிறதா? செப்டிக் தொட்டி என்றால், கடைசியாக அதைக் காலி செய்தது எந்த ஆண்டு?

ஐந்தாம் கேள்விக்கு வீட்டில் யாருக்கும் விடை தெரியவில்லை என்றால், காலி செய்ய அழைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.